ஏற்பார் இல்லை

எங்கள் ஹெம்லாக் முனை முகாமில் ஒரு விதி உண்டு. காப்பகச் சாவியை வைத்திருப்பவர் செய்தி சொல்லக் கூடாது. இறந்தவர்களிடமிருந்து செய்தி வாங்கிச் சொல்லும் மீடியங்கள் காப்பகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மழைக்கு ஒதுங்கக்கூட அவர்கள் அந்தப் படியேறுவதில்லை. எதிர்ச் சாரியில் இருக்கும் எல்ம் மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்பார்கள்.

விதி வந்த கதை காப்பகத்திலேயே இருக்கிறது. முகாம் தொடங்கிச் சில ஆண்டுகளில், அப்போது பெயர்பெற்றிருந்த ஒரு மீடியம் இறந்தவர்களை அழைக்கும் பழைய வட்டங்களின் குறிப்புகளை எடுத்துப் படித்துவிட்டு, சென்ற கோடையில் வந்தவர்கள் மறுபடி எதிரில் உட்காரும்போது அவர்களுடைய கடந்துபோன பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். விசாரணையில் அந்த அம்மாள் சொன்ன பதிலை முகாம் சங்கத்தின் செயலாளர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். "படித்தேன் என்பது உண்மை. ஆனால் அதில் எது படித்தது, எது வந்தது என்று எனக்கே இப்போது தெரியவில்லை." அவரை அன்றே படகேற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலை மட்டும் அனுப்ப முடியவில்லை. நான் சாவியை வாங்கிய முதல் வாரத்தில் அதைப் படித்தேன். படித்த நாளிலிருந்து அது என்னோடுதான் இருக்கிறது.

காப்பகம் என்று பெயரே தவிர, அது பழைய தீயணைப்பு வண்டி நின்ற கொட்டகை. ஆவியெழுத்து விழுந்த கற்பலகைகள், ஆவிக்குரல் வந்த தகரக் குழல்கள், தோளுக்குப் பின்னால் வெண்புகையாக யாரோ நிற்கும் புகைப்படங்கள் எல்லாம் அங்கே இருந்தன. வருகிறவர்கள் அவற்றைத்தான் கேட்பார்கள். எனக்குப் பிடித்தவை குறிப்புகள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெண் அரையிருட்டில் பென்சிலோடு உட்கார்ந்து மீடியம் சொல்வதையெல்லாம் எழுதுவாள். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, ஓரத்தில், யாராவது அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் "ஏற்றார்" என்று எழுதுவாள். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் "ஏற்பார் இல்லை". அந்த ஏற்பார் இல்லாத செய்திகளைத்தான் நான் அதிகம் படித்தேன். படித்து முடித்த பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பேன். எங்கே விட்டேன் என்று தெரிய வேண்டுமே.

பத்தொன்பது வயதில் எனக்கும் வந்தது. பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, யாரோ ஒருவருடைய இருமலோ, ஒரு கோட்டின் ஈர வாடையோ வந்து நிற்கும். பழகினால் நல்ல மீடியமாக வருவாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிறகு எவரெட்டை மணந்தேன். அவர் கடந்துபோனபோது அக்கம்பக்கத்து மீடியங்கள் எல்லாரும் வரிசையாக வந்து அவரிடமிருந்து செய்தி கொண்டுவந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. முழங்கால் வலி, மீன்தூண்டில், என்னைக் கூப்பிடும் செல்லப்பெயர். எப்படிச் சரியாக இல்லாமல் போகும்? எல்லாரும் எங்கள் மேஜையில் சாப்பிட்டவர்கள். நாற்பது வீடுள்ள ஊரில் ஒவ்வொருவருடைய இறந்தவர்களும் மற்ற எல்லாருக்கும் தெரிந்தவர்கள்தான். ஒருவரையும் நான் பொய் என்று சொல்லவில்லை. நன்றி சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம்தான் சாவியைக் கேட்டு வாங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பொருள்: எனக்கு வெளியிலிருந்து வந்தது என்று ஐயமில்லாமல் தெரிகிற ஏதாவது ஒன்று. எவரெட்டிடமிருந்துதான் என்றுகூட இல்லை. யாரிடமிருந்தாவது. என் தலைக்குள் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்ற எண்ணத்தோடு ஒரு மனுஷி எத்தனை காலம் நடமாட முடியும்?

அந்தக் கோடையில் கொட்டகைக் கூரை ஒழுகத் தொடங்கியது. சங்கத்துக் குழு கூடி, எல்லாக் குறிப்புகளையும் கிழக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தது. அதாவது சாவி இல்லாமல் போகும். சாவி போனால் விதியும் என்னை விட்டுவிடும்.

"அப்புறம் என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள் டெல்ஃபீன். எதிர்வீட்டுக்காரி. முகாமிலேயே அதிகக் கூட்டம் சேர்கிற மீடியம். முன்வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "ஏரியில வாத்துக்கு ரொட்டி பிச்சுப் போடப் போறியா?"

"தெரியல."

"தெரியலையாம். மீடியம் பரீட்சைக்கு உக்காருடி. எத்தன வருஷம்தான் வாயைப் பொத்திக்கிட்டு இருப்ப? உன் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே எனக்குக் காது அடைக்குது, அவ்வளவு பேர் கியூவுல நிக்கிறாங்க."

"என் தலைக்குள்ள நூறு வருஷத்துப் பொணம் கெடக்கு, டெல்ஃபீன். எது வந்தது, எது படிச்சதுன்னு எப்படிப் பிரிப்பேன்?"

"பொணம்னு சொல்லாத. குழு ஆளுங்க காதுல விழுந்தா உக்கார வச்சு வகுப்பெடுப்பாங்க." ஒரு பட்டாணியை என் மீது எறிந்தாள். "பிரிக்கிறது உன் வேலை இல்ல. ஏத்துக்கிறது அவங்க வேலை. சொல்லிட்டுப் போயேன்."

நான் பெயர் கொடுத்தேன். சாவி இன்னும் சில நாள் கையில் இருந்தும் குழு ஆட்சேபிக்கவில்லை. எப்படியும் போகிற சாவிதானே என்று விட்டுவிட்டார்கள்.

பரீட்சை என்பது குழுவிலிருந்து மூன்று பேர், தனித்தனியாக என் எதிரில் உட்காருவது. அவர்கள் ஆமாம், இல்லை, தெரியாது என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது. முதல் இருவரும் என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர்கள். அவர்களுக்கு நான் சொன்னதில் எனக்கே நிறைவில்லை. மூன்றாமவர் ஹாலிஸ் ஸ்டெபின்ஸ். வடக்கே பால்பண்ணைப் பக்கத்துக்காரர், தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் இங்கே வந்து குடியேறியவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தன்னைப்பற்றி வாய் திறந்ததே இல்லை. அவரிடமிருந்து ஒரு "ஆமா" வாங்குவதற்குள் மீடியங்களுக்கு வியர்த்துவிடும்.

நூலகத்துப் பின்னறை. மதியம். மின்விசிறி ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பி ஆடிக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட வரலாமா?" என்று வழக்கப்படி கேட்டேன்.

"வா. சுத்தி வளைக்காம நேரா வா" என்பதுபோல ஒரு குரலில், "வரலாம்" என்றார் ஹாலிஸ்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மரத்தூள் வாசனை வந்தது. ஈர மரத்தூள். "மரத்தூள் வாசனை வருது. உங்களுக்குப் புரியுதா?"

"தெரியாது."

"ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு. ஒரு கால்ல மட்டும்தான் ஷூ இருக்கு."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று பயமாக இருந்தது. சொற்கள் ஏற்கெனவே கோத்து வைத்தவைபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "அண்ணன்கிட்ட சொல்லணுமாம். கதவை இழுத்துச் சாத்தினது நான்தான்னு சொல்றா. கொண்டி தானா விழுந்துடுச்சாம். நீ இல்லையாம். அழாதேன்னு சொல்றா."

மின்விசிறி இரண்டு தரம் எங்களைக் கடந்தது. ஹாலிஸ் எழுந்துவிட்டார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவளே சாத்தினாளா?" என்று கேட்டார். "நல்லாக் கேளு. அவளேவா?"

கேள்வி கேட்பது விதிக்கு விரோதம். எனக்கு அது அப்போது நினைவுக்கே வரவில்லை. "அப்படித்தான் சொல்றா."

அவர் மறுபடி உட்கார்ந்தார். ஓடித் தீர்த்த குதிரைக்கு வருவதுபோல அவருக்கு மூச்சு வந்தது. பிறகு, அறுபது ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாததை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆர்டிஸ் அவருடைய தங்கை. பண்ணையில் ஏரிப் பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து வைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. பிள்ளைகள் அங்கே ஒளிந்து விளையாடுவார்கள். அன்று அவர் அந்தக் கதவைக் கடந்து ஓடும்போது போகிறபோக்கில் காலால் ஒரு உதை விட்டார், அல்லது விட்டதாக நினைக்கிறார். சாயங்காலம்தான் தேடினார்கள்.

"உதைச்சேனா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, லொவினா. உதைச்சேன்னுதான் வச்சுக்கிட்டேன். அதுதான் நியாயம்னு பட்டுச்சு." கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏற்கிறேன். எழுதிக்கோ."

வெளியே வந்தபோது தெரு முழுவதும் எனக்குப் புதிதாக இருந்தது. அன்றுபோல நான் என்றுமே நடந்ததில்லை. ஆர்டிஸ் என்ற ஒருத்தி இருந்தாள் என்பதே முகாமில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது. ஆகவே அது வந்தது. எங்கிருந்தோ, எனக்கு வெளியிலிருந்து, ஒரு ஒற்றை ஷூவோடு நடந்து வந்தது. கடையில் ரொட்டி வாங்கினேன், மிச்சக் காசை எடுத்துக்கொள்ள மறந்தேன். வீட்டுக்கு வந்து எவரெட்டின் நாற்காலியைப் பார்த்து, "அப்போ இருக்கீங்க" என்று சத்தமாகவே சொன்னேன். பதில் எதிர்பார்க்கவில்லை. இருப்பவர்கள் சும்மாவும் இருக்கலாம் அல்லவா?

அந்த மகிழ்ச்சி சில நாள் நீடித்தது. அதற்குள் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகத்து வண்டி வருவதற்குள் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக அடுக்க வேண்டும். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் ஆண்டுக் குறிப்பின் தையல் விட்டிருந்தது. தாள்கள் கலைந்து போகாமலிருக்க ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்த்தேன். ஒரு தாள் தலைகீழாக இருந்தது. திருப்பினேன்.

மீடியம், திருமதி அல்மீடா ஃபிட்ச். "ஒரு சிறுமி. ஒரு காலில் மட்டும் காலணி. தன் தமையனுக்குச் சொல்கிறாள்: கதவை நானே இழுத்துச் சாத்தினேன், கொண்டி தானாக விழுந்தது, நீ அல்ல, அழாதே." ஓரத்தில்: ஏற்பார் இல்லை.

தாளின் மூலையில் என்னுடைய பென்சில் புள்ளி இருந்தது.

முதலில் நான் செய்தது அடுத்த தாளைத் தட்டிச் சேர்த்ததுதான். கை தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்தேன். படித்த நினைவு எனக்கு இல்லவே இல்லை. எத்தனை ஆயிரம் புள்ளிகள் வைத்திருப்பேன்! ஆனால் புள்ளி பொய் சொல்லாது. என்றோ ஒரு நாள், சாண்ட்விச் தின்றுகொண்டோ, கணப்பு எரியவில்லையே என்று எரிச்சல்பட்டுக்கொண்டோ, இந்த வரிகளின் மீது என் கண் போயிருக்கிறது. அது உள்ளே இறங்கி எங்கோ கிடந்து, ஒரு மனிதர் எதிரில் வந்து உட்கார்ந்ததும் எழுந்துவிட்டது. யாருடைய தமையனுக்கோ வந்ததை எடுத்து ஹாலிஸிடம் கொடுத்திருக்கிறேன். அவரும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அழுதார்.

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். டெல்ஃபீன் படியில் நின்று கம்பளம் தட்டிக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்ததும் பாம்பைக் கண்டவள்போல ஒதுங்கினாள்.

"ஐயோ, கிட்ட கொண்டாராத! நான் பாக்கக் கூடாது. பாத்தேன்னா வாசல்ல தொங்குற என் மீடியம் பலகையைக் கழட்டிடுவாங்க."

"சொல்றேன், கேளு."

"சொல்றதும் காட்டுறதும் ஒண்ணுதான்." கம்பளத்தைக் கீழே போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "சரி, சொல்லித் தொலை. மடிச்சு முதுகுக்குப் பின்னால வச்சுக்கோ."

சொன்னேன். கேட்டுவிட்டுப் பல்லில் ஏதோ சிக்கியதுபோல நாக்கால் துழாவினாள்.

"எண்பத்தேழுல ஹாலிஸ் பொறந்திருந்தாரா?"

"அவங்கப்பாவே கைக்கொழந்தையா இருந்திருப்பாரு."

"அப்போ அன்னிக்கு யார் ஏத்துக்குவா? ஏத்துக்க வேண்டிய ஆளு இன்னும் வந்து சேரல. அங்க என்ன, சுவத்துல நாள்காட்டியா தொங்குது? அந்தக் கொழந்தை கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டா. ஆளில்லாத ஸ்டேஷன்ல எறங்கி ஒக்காந்துட்டா. நீதான் போயிக் கூட்டிக்கிட்டு வந்த. இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

"பொறக்காத கொழந்தை எப்படிடி செய்தி சொல்லும்?"

"செத்த கொழந்தை சொன்னா ஒத்துக்குவ, பொறக்காத கொழந்தை சொன்னா ஒத்துக்க மாட்டியா? நல்ல கணக்கு."

சிரித்துவிட்டேன். அவள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அதை நம்பவும் முடியவில்லை. வெளியே உள்ளவர்கள் இதைக் கேட்டால் நினைவின் விளையாட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு அது எளிது. இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. இரண்டிலிருந்தும் குளிர்காற்று வருகிறது.

அன்று மாலைக்குள் நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மரத்தூள். குறிப்பில் மரத்தூள் இல்லை. கொட்டகை இல்லை, பனிக்கட்டி இல்லை. அந்த வாசனை தாளிலிருந்து வந்ததல்ல. மற்றதெல்லாம் திருமதி ஃபிட்சுடையதாகவே இருக்கட்டும். மரத்தூள் என்னுடையது. அந்த ஒரு பிடித் தூளை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் நடமாடினேன். ஆனாலும் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் சரி என்று பட்டது. சந்தேகத்தோடு ஒருவர் முன்னால் உட்காருவது அந்தப் படகேறிய அம்மாளின் வேலை. ஹாலிஸிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், விலகுகிறேன் என்று மட்டும் சொல்வோம் என்று கிளம்பினேன்.

அவர் வீட்டுக் கொல்லையில் ரம்பச் சத்தம் கேட்டது. பலகை ஒன்றை மரக்கட்டைகள் மேல் கிடத்தி அறுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் தூள்.

"வா, வா, சகோதரி! கூட்டத்துல மட்டும் கூப்பிடுற பேரு, இன்னிக்குக் கொல்லையிலயும் கூப்பிடறேன். முன்வாசல் பலகையெல்லாம் இத்துப் போச்சு. எத்தன வருஷமா அப்படியே விட்டுவச்சிருக்கேன் பாரு."

"எப்போ ஆரம்பிச்சீங்க இதை?"

"போன வாரமே. உன் பரீட்சை அன்னிக்குக்கூடக் காலையில பூரா அறுத்துட்டு, கையைத் தட்டிட்டு அப்படியே ஓடி வந்தேன்."

சிரித்தார். அவர் சட்டையிலிருந்து ஈர மரத்தின் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. அன்று அந்தச் சின்ன அறையில், மின்விசிறி அதை என் பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கொடுத்திருக்கிறது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என்னிடம் இருந்த ஒரு பிடியும் போய்விட்டது. அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. எண்ணமெல்லாம் ஒழிந்து, ஒழித்துப் போட்ட வீடுபோல நெஞ்சு எதிரொலித்தது.

"ஹாலிஸ், நான் பேரைத் திரும்ப வாங்கிக்கலாம்னு வந்தேன். பதிவு வேணாம்."

ரம்பத்தைக் கீழே வைத்தார். "ஏன்?"

"எனக்கு ஒத்து வரல."

"ஒத்து வரலன்னா?" ஒரு எட்டு முன்னால் வந்தார். "உனக்கு ஓட்டுப் போட்டவன் நான். மூணு பேர்ல ரெண்டு பேர் அப்படியும் இப்படியுமாத்தான் இருந்தாங்க. நான்தான் மேஜையத் தட்டினேன். என்ன ஒத்து வரல?"

அவர் முகத்தில் ஒன்று மாறத் தொடங்கியது. முதலில் கண்ணில். பிறகு வாய் லேசாகத் திறந்தது. அறுபது ஆண்டுகளாக அதே இடத்தில் நின்று பழகிய எதுவோ, போன வாரம்தான் வெளியே போனது, வாசற்படியில் திரும்பி நின்று உள்ளே எட்டிப் பார்த்தது.

"நீ விலகினா," என்றார் மெதுவாக, "அன்னிக்கு வந்ததை நான் என்னன்னு வச்சுக்கணும்?"

அவரிடம் உண்மையைச் சொல்லலாம். என்ன உண்மை? நான் படித்தேன் என்பது உண்மை. படித்ததுதான் வந்தது என்பது உண்மையா? எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் முழு உண்மை. அந்தத் தெரியாததை அவர் கையில் கொடுத்தால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உதைத்தேனா இல்லையா என்பதையே உதைத்தேன் என்று எழுதிக்கொண்ட மனிதர். தெரியாது என்ற எல்லாவற்றையும் தனக்கு எதிராகவே எழுதிக்கொள்வார். நான் விலகினாலும் அதுவேதான். என் நேர்மைக்கு விலையாக அந்தக் கொட்டகைக்குள் அவர் மறுபடி போக வேண்டும். அது என் நேர்மைதானா, அல்லது கைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையா?

"அன்னிக்கு எனக்குள்ள கேட்டதைத்தான் சொன்னேன், ஹாலிஸ். கூட்டல, குறைக்கல."

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்கு."

எட்டிப் பார்த்தது மெல்லப் படியிறங்கிப் போனது. நான் அது போவதைப் பார்த்தேன்.

"பயமா? இவ்வளவுதானா?" என்றார். "கம்பத்துல ஏறுறப்ப எனக்கும்தான் பயம். பயப்படாம ஏறினவன் எல்லாம் கீழ விழுந்தான். போ, போயிப் பலகைக்கு என்ன கலர் அடிக்கணும்னு யோசி. நான் அறுத்துத் தரேன், நல்ல மரம் மிச்சம் இருக்கு."

அவர் அறுத்துக் கொடுத்த பலகை இப்போது என் முன்வாசலில் தொங்குகிறது. லொவினா கிராண்டல், பதிவுபெற்ற மீடியம். அதன் கீழே போய்வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன். பலகை அவ்வளவு தாழ்வாக ஒன்றும் இல்லை.

பல்கலைக்கழகத்து வண்டி வந்த அன்று, எண்பத்தேழாம் ஆண்டுப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அந்தத் தாளை எடுத்துவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. கணப்பில் ஒரு நொடி வேலை. புள்ளியையாவது அழித்திருக்கலாம். ரப்பர் மேஜைமேல்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ பெண்கள் அரையிருட்டில் கண் வலிக்க உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் ஒன்றுபோல எழுதி வைத்துப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியும் எதையும் அழிக்கவில்லை. தாளை அதன் இடத்தில் வைத்துக் கட்டினேன். யாராவது ஒருநாள் அதைப் படிக்கலாம். பரீட்சையில் நான் சொன்னது எழுதப்பட்ட எங்கள் பதிவேட்டையும் படித்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அதற்குள் ஹாலிஸ் தங்கையிடம் போய்ச் சேர்ந்திருப்பார், அப்படி ஒரு இடம் இருந்தால்.

முதல் கூட்டம் ஞாயிறு மதியம், காட்டுக்குள் இருக்கும் பெஞ்சுகளில். வெளியூர்க்காரர்கள் நிறைய. எனக்கு முன்னால் டெல்ஃபீன் பேசினாள். ஒரு கிழவரை அழவைத்து, அழுகை முடிவதற்குள் சிரிக்கவும் வைத்துவிட்டு இறங்கினாள். போகும்போது என் காதில், "கியூவை ஒழுங்கா விடு, எல்லாரையும் ஒண்ணா உள்ள விட்டுடாத" என்றாள். ஹாலிஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெம்பு கொடுக்க வந்தவர், நான் எழுந்து நிற்பதற்குள் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். பக்கத்திலிருந்த அம்மாள் அவருடைய குறட்டைக்குத் தள்ளி உட்கார்ந்தாள்.

நின்றேன். காத்திருந்தேன். கம்பளி வாசனை ஒன்று வந்தது, கணப்பருகே காயப்போட்ட ஈரக் கம்பளி. உடனே என் மனம் பெட்டிகளைத் திறக்கத் தொடங்கியது. எழுபத்தெட்டா, தொண்ணூறா? எந்த வட்டம், எந்தப் பக்கம்? இங்கே இருப்பவர்களில் யார் சட்டையிலிருந்து? கோடையில் யார் கம்பளி போடுவார்கள்? வாசனை போகவில்லை. மூன்றாம் பெஞ்சில் பச்சைத் தொப்பி வைத்த ஒரு பெண்மணி. அவரிடம்தான் போகிறது என்று பட்டது.

"உங்களுக்கு ஒண்ணு இருக்கு," என்றேன். பிறகு, மீடியம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "இது எங்கேயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. நான் எங்கேயோ படிச்சதாக்கூட இருக்கலாம். சொல்லட்டுமா?"

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. டெல்ஃபீன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

பச்சைத் தொப்பி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லுங்களேன். கேக்கத்தானே வந்தேன்."

"ஈரக் கம்பளி. கணப்புப் பக்கத்துல. ஒரு ஆம்பளை. ஒண்ணுமே பேச மாட்டேங்கிறார்."

"அவர் எப்பவுமே பேச மாட்டார்," என்றார் அந்த அம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல ரொம்ப நேரம் குனிந்துகொண்டே இருந்தார்.

கூட்டத்தில் இப்போதும் குறிப்பெழுதும் பெண், ஓரத்தில் "ஏற்றார்" என்று எழுதினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மனத்துக்குள் அந்தக் கம்பளியைத் தேடினேன். நான் படித்த பெட்டிகளில் அது எங்கும் இருந்ததாக நினைவில்லை. ஒற்றை ஷூவும்தான் நினைவில் இல்லை. பல்கலைக்கழகத்து வாசகசாலை வார நாட்களில் திறந்திருக்கிறது. காலையில் கடைத்தெருவிலிருந்து புறப்படும் பேருந்தில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். பேருந்து நேரத்தை விசாரித்து வைத்திருக்கிறேன். பதிவுபெற்ற மீடியம் குறிப்புகளைப் படிக்கக் கூடாது என்ற விதி அங்கே செல்லுமா என்று குழுவில் யாரும் யோசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை கையில் குடையோடு நிறுத்தம் வரைக்கும் போனேன். பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறுறீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.